உயிர்மூச்சுக் கற்பித்த பொம்மை

நோர்வேயின் ஸ்ரவாங்கர் நகரில் 1940ஆம் ஆண்டு, வாழ்த்து அட்டைகளும் சிறுவர் நூல்களும் வெளியிடும் சிறு நிறுவனமொன்றைத் தொடங்கினார் ஓஸ்முன்ட் லேர்டால். போருக்குப் பின்னர் மென்மையான பிளாஸ்ரிக்கில் விளையாட்டுக் கார்களையும் பொம்மைகளையும் செய்து பெயர் பெற்றார். கண்மூடித் துயிலும் 'ஆன்' என்னும் பொம்மை குழந்தைகளின் உள்ளங்கவர்ந்தது.

1950களின் நடுப்பகுதியில் அவருடைய இரண்டு வயது மகன் தூரே நீரில் மூழ்கினான். அசைவற்றுக் கிடந்த பிள்ளையைத் தூக்கியெடுத்துச் சுவாசப் பாதையைத் துப்புரவாக்கினார் தந்தை. பிள்ளை பிழைத்தான். எல்லாத் தந்தையருக்கும் அத்தகைய நல்வாய்ப்புக் கிட்டுவதில்லை என்பதை நாம் அறிவோம்.

அக்காலத்தில் அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் பீற்றர் சாபர், வாயோடு வாய் வைத்து ஊதும் முறையே சிறந்ததென நிறுவியிருந்தார். வியன்னாவில் பிறந்த அவரும் தாய்நாட்டை விட்டுச் சென்றவரே. ஆனால், இம்முறையை மக்கள் எதில் பழகுவது? நோர்வே மருத்துவர் பியோர்ன் லின்ட் வாயிலாக இக்கேள்வி பொம்மைக்காரரை எட்டியது. 1960ஆம் ஆண்டு ஆளுயரப் பயிற்சிப் பொம்மை பிறந்தது. பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் இறந்த பெயரறியாப் பெண்ணொருத்தியின் முகவார்ப்பு எனச் சொல்லப்படும் முகமே அதற்கு அமைந்தது. மார்பை அழுத்திப் பழகுவதற்கான வில்லும் பின்னர் உள்ளே பொருத்தப்பட்டது. நோர்வேயின் பள்ளிப் பிள்ளைகளும் 1960களின் தொடக்கத்திலேயே இம்முறையைப் பயின்றனர். லேர்டால் 1981இல் மறைந்தார். அன்று நீரிலிருந்து மீண்ட தூரேயே நிறுவனத்தைப் பொறுப்பேற்றார்.

இவ்வரலாற்றை நாம் இங்கு நினைவுகூர்வதற்குக் காரணமுண்டு. ஊரில் பிள்ளைக்கு ஏதும் நேர்ந்தால் அம்மம்மாவும் அயலவரும் ஓடி வருவர். புலம்பெயர்ந்த மண்ணில், பூட்டிய கதவின் பின்னே, இளந்தாய் தனித்தே நிற்கிறாள்.

அவள் அறிந்திருக்க வேண்டியவை சிலவே. நீரில் மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவது வீண். மூச்சே முதலில் வேண்டும். மூச்சற்ற குழந்தைக்கு முதலில் ஐந்து முறை மெல்ல ஊதுக. ஒரு வயதுக்குட்பட்டதாயின் வாயையும் மூக்கையும் சேர்த்து நம் வாயால் மூடுதல் வேண்டும். உயிர்க்குறி தோன்றாவிடில், மார்பின் ஆழத்தில் மூன்றிலொரு பங்கு தாழுமாறு 30 முறை அழுத்தி, இருமுறை ஊதுக, இதையே தொடர்க. தொண்டை அடைத்து அழவோ இருமவோ இயலாத கைக்குழந்தையைத் தலை தாழக் கையில் கிடத்தி, தோள்களின் நடுவே ஐந்து முறை தட்டுக. அடைப்பு நீங்காவிடில் மல்லாத்தி மார்பின் நடுவே ஐந்து முறை அழுத்துக.

ஐரோப்பாவில் 112, நோர்வேயில் மருத்துவ உதவிக்கு 113. இவ்வெண்களையும் வீட்டு முகவரியையும் அந்நாட்டு மொழியில் எழுதித் தொலைபேசியருகே ஒட்டிவையுங்கள். மொழி தெரியாதென்ற கூச்சம் ஒரு பிள்ளையின் உயிரைவிடப் பெரிதன்று.

வாசித்தறிவது போதாது, கை பழக வேண்டும். அருகிலுள்ள முதலுதவி வகுப்புக்குச் செல்லுங்கள். அந்தப் பொம்மை அங்கே காத்திருக்கிறது.