பட்டம் தாணு பிள்ளையின் வாழ்வும் ஒரு படிப்பினையும்

குழித்துறையை ஒட்டியுள்ள மார்த்தாண்டம், முன்னாளில் தொடுவெட்டி என்று பெயர் பெற்ற ஊர். அங்கும், சில மைல் தொலைவிலுள்ள புதுக்கடையிலும், 1954ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 11ந் தேதி போலீசார் ஜனங்களைச் சுட்டனர். அப்போது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தின் முதல் மந்திரியாயிருந்தவர் ஸ்ரீ பட்டம் தாணு பிள்ளை. ஆறு மாதத்திற்குள் அவருடைய மந்திரிசபை கவிழ்ந்தது. அவரது வாழ்க்கையை இன்று நாம் நினைவுகூருவது பழம் பகையைக் கிளறுவதற்காக அன்று. அவர் கொடியவரல்லர், தேசபக்தர். அவருடைய கதை நமக்குப் பாடமாவதும் அதனாலேயே.

1885ம் வருஷம் திருவனந்தபுரத்தில் பிறந்த அவர், வக்கீல் தொழிலில் புகழடைந்து பொதுவாழ்வில் புகுந்தார். 1938ல் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தோன்றியபோது அதன் தலைமை அவரை நாடி வந்தது. திவான் ஸர் சி.பி. ராமஸ்வாமி அய்யரின் அதிகாரம் சமஸ்தானமெங்கும் ஓங்கி நின்ற காலம் அது. திவான்மீது குற்றங்களைச் சாட்டி, அவரை நீக்கவேண்டுமென்று ஸ்டேட் காங்கிரஸ் மகாராஜாவுக்கு விண்ணப்பம் அனுப்பிற்று. காந்தியடிகளின் ஆலோசனைப்படி அந்த விண்ணப்பம் பின்னர் வாபஸ் பெறப்பட்டது. ஆனால் பொறுப்பாட்சிக்கான கிளர்ச்சி ஓயவில்லை. அவ்வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் விளவங்கோட்டுக்கு அடுத்த தாலூகாவான நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிகள் முழங்கின, பிரஜைகள் மாண்டனர். ஸ்ரீ தாணு பிள்ளையும் அக்கிளர்ச்சியில் சிறை புகுந்தார். ஆள்வோர் ஆளப்படுவோருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதே அன்று அவர் கொண்டிருந்த கொள்கை.

1947ல் திவான் சமஸ்தானத்தை விட்டகன்றார். 1948 மார்ச்சில் ஸ்ரீ தாணு பிள்ளை திருவிதாங்கூரின் முதல் பிரதம மந்திரியானார். சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டு, அதே வருஷம் அக்டோபரில் பதவி துறந்தார். பின்பு காங்கிரஸை விட்டு நீங்கிப் பிரஜா சோஷலிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். 1954 தேர்தலில் அக்கட்சிக்குக் கிடைத்தவை 19 ஸ்தானங்கள் மட்டுமே. ஆயினும் காங்கிரஸின் ஆதரவைக் கொண்டு மந்திரிசபை அமைத்தார்.

அத்தேர்தலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 12 ஸ்தானங்களை வென்றிருந்தது. தமிழ்த் தாலூகாக்கள் சென்னை ராஜ்யத்துடன் இணையவேண்டுமென்பது அதன் கோரிக்கை. தேவிகுளம், பீருமேடு பகுதிகளில் தடையை மீறிய ஸ்ரீ நேசமணியும் அவரது தோழர்களும் கைதாயினர். அதைக் கண்டு கொதித்த தென் தாலூகா மக்கள் ஆகஸ்டு 11ந் தேதியை விடுதலை தினமாகக் கொண்டாட முனைந்து வீதிக்கு வந்தனர். அன்றைய தினமே குண்டுகள் பாய்ந்து உயிர்கள் பலியாயின. கூட்டம் கலகத்தில் இறங்கிற்று, போலீசாருக்கு வேறு மார்க்கமில்லை என்பது சர்க்கார் தரப்பின் வாதம்.

இவ்விடத்தில்தான் ஸ்ரீ தாணு பிள்ளையின் வாழ்வு திரும்பிற்று. அவருடைய கட்சியின் பொதுக் காரியதரிசியான டாக்டர் ராம் மனோகர் லோகியா அப்போது ஐக்கிய மாகாணமென்று முன்பு வழங்கிய உத்தரப் பிரதேசத்தில் சிறையிலிருந்தார். ஆயுதமற்ற ஜனங்களைச் சுட்ட மந்திரிசபை, தன் கட்சியின் மந்திரிசபையே ஆனாலும், ராஜீனாமாச் செய்யவேண்டும் என்று சிறையிலிருந்தபடியே அவர் கோரினார். முதல் மந்திரி இணங்கவில்லை. கட்சியின் மேலிடமும் மந்திரிசபையின் பக்கமே சாய்ந்தது. டாக்டர் லோகியா காரியதரிசிப் பதவியைத் துறந்தார்; மறு வருஷம் கட்சியே பிளவுபட்டது. அன்னியன் சுட்டால் அநீதி, நம்மவன் சுட்டால் நிர்வாகம் என்னும் இரட்டை அளவுகோலைப் பிடித்த எந்தக் கட்சியும் நெடுநாள் நிமிர்ந்து நின்றதில்லை.

மந்திரிசபையின் கதியும் அவ்வாறே ஆயிற்று. 1955 பிப்ரவரியில் காங்கிரஸ் கைவிட, ஆட்சி வீழ்ந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் அங்கத்தினரின் ஆதரவுடன் ஸ்ரீ பனம்பிள்ளி கோவிந்த மேனன் மந்திரிசபை அமைத்தார். வீழ்த்தியது சட்டசபைக் கணக்கு என்பார் சிலர். உண்மையே. ஆனால் அந்தக் கணக்கில் தமிழ்த் தாலூகாக்களின் 12 வோட்டுகளையும் மீட்க முடியாதபடி இழக்கச் செய்தது ஆகஸ்டு 11 அன்றோ? 1956 நவம்பர் 1ந் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலூகாக்களும் கன்னியாகுமரி ஜில்லாவாகித் தமிழகத்தோடு இணைந்தன.

ஸ்ரீ தாணு பிள்ளை 1960ல் கேரளத்தின் முதல் மந்திரியானார். பிறகு பஞ்சாபிலும் ஆந்திரத்திலும் கவர்னராயிருந்து, 1970 ஜூலையில் காலமானார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1974 ஆகஸ்டு 9ந் தேதி, அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் பதவி துறந்தார். 1972ல் வாட்டர்கேட் கட்டிடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் திருட்டுத்தனமாய்ப் புகுந்தது சிறு குற்றம். அதை மூடிமறைக்க ஜனாதிபதியே முனைந்தது பெருங்குற்றம். அவருடைய சொந்த ஒலிப்பதிவுகளே அவருக்கு எதிராய்ச் சாட்சி கூறின. அந்நாட்டில் ஜனாதிபதி ஒருவர் ராஜீனாமாச் செய்தது அந்த ஒரு தடவைதான்.

இருவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமன்று. நிக்ஸன் மறைத்தார்; ஸ்ரீ தாணு பிள்ளை மறைக்கவில்லை, நியாயப்படுத்தினார். ஆயினும் நோயின் மூலம் ஒன்றே. தவறு நேர்ந்தபோது, பதவியைக் காப்பதா, பதில் சொல்வதா என்ற கேள்வி எழுகிறது. பதவியைக் காக்கப் புகுந்தவன் பதவியையும் இழக்கிறான், பெயரையும் இழக்கிறான். ஆகஸ்டு 12ந் தேதி ஸ்ரீ தாணு பிள்ளை பதவி விலகியிருப்பாரேயாகில், குழித்துறை மக்களே அவரை மன்னித்திருப்பார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

பொதுத்தொண்டில் இறங்கும் அன்பர்கள் இதனை மனத்தில் கொள்வார்களாக. சிறையிலிருந்தபோது நாம் கேட்ட கேள்வியை, நாற்காலியில் அமர்ந்தபின் பிறர் கேட்பார்கள். அப்போது நாம் என்ன சொல்கிறோம் என்பதைக் கொண்டே நாம் முன்பு சிறை சென்றது எதற்காக என்பதை நாடு நிர்ணயிக்கும்.