மறுத்தால் கொதிக்கும் நெய்: 'கைமுக்கு' முறையை ஒழித்த சுவாதித் திருநாள்

சுவாதித் திருநாள் என்றதும் உங்களுக்குக் கர்நாடக சங்கீதக் கீர்த்தனைகள்தான் ஞாபகம் வரும். ஆனால், திருவனந்தபுரத்தில் இருந்து திருவிதாங்கூரை ஆண்ட இந்த மன்னருக்கு நீதிமன்ற வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு.

1813-ல் பிறந்தவர். கருவிலேயே அரசராக அறிவிக்கப்பட்டதால் 'கர்ப்ப ஸ்ரீமான்' என்று பெயர். தாய் கௌரி லட்சுமிபாயும், பிறகு சித்தி கௌரி பார்வதிபாயும் அவர் சார்பில் ஆண்டார்கள். 1829-ல், 16 வயதில் ஆட்சிப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

கைமுக்கு என்றால் என்ன?

இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் சுசீந்திரம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. பெண் தொடர்பு குற்றச்சாட்டுக்கு ஆளான நம்பூதிரி ஆண், தான் தப்பு செய்யலைன்னு வாயால் மறுத்தால் மட்டும் போதாது. அங்குள்ள தாணுமாலயன் கோயிலில், கொதிக்கும் நெய்க்குள் கையை விட்டு, உள்ளே கிடக்கும் சிறு உருவத்தை எடுக்கணும். கையைத் துணியால் கட்டி, சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். வெந்திருந்தால் குற்றவாளி, சாதி விலக்கு.

யோசிச்சுப் பாருங்க. மறுப்பதற்கே இந்த விலை என்றால், செய்யாத தப்பையும் ஒப்புக்கொள்ளத்தானே தோன்றும்?

சுவாதித் திருநாள் அந்த வழக்கத்தை ஒழித்தார். முன்சீப் நீதிமன்றங்களை ஏற்படுத்தினார். 1835-ல் பிரிட்டிஷ் இந்தியச் சட்டங்களை ஒட்டிய சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தார். கடைசி ஆண்டுகளில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் கல்லனுடன் ஓயாத மோதல். 1846-ல், 33 வயதிலேயே காலமானார்.

இன்று என்ன நடைமுறை?

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, செஷன்ஸ் வழக்கில் நீதிபதி குற்றச்சாட்டை வாசித்து விளக்கி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். இதை இப்போது வீடியோ வழியாகவும் கேட்கலாம். மறுத்தால், நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பின் வேலை. ஒப்புக்கொண்டால், விசாரணையே இல்லாமல் தண்டனை வரலாம்.

அலைச்சல் மிச்சம், சீக்கிரம் முடிஞ்சிடும்னு நினைத்து யாராவது ஒப்புக்கொள்ளச் சொன்னால், முதலில் வக்கீலிடம் பேசுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையா? இலவச சட்ட உதவி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இன்று நெய் கொதிக்கவில்லை. ஆனால், பயமும் அலுப்பும் ஒருவரை ஒப்புக்கொள்ள வைக்கும் ஆபத்து இன்னும் இருக்கு.