கணித மேதை இராமானுஜன்

வாலாஜாபாத்துக்கு மேற்கே உள்ள காஞ்சிமாநகரில், தாய்வழிப் பாட்டனாரின் இல்லத்தில், சிறுவர் ஒருவர் சில காலம் வளர்ந்தார். அவரே பிற்காலத்தில் உலகம் போற்றும் கணித மேதையாகத் திகழ்ந்த சீனிவாச இராமானுஜன் ஆவார். அவர் 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். தந்தையார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வந்தார்.

இளமையிலேயே இராமானுஜன் கணிதத்தில் மூழ்கினார். ஏனைய பாடங்களில் கருத்தூன்றவில்லை. அதனால் கல்லூரித் தேர்வில் தோல்வியுற்றார், பட்டம் கிட்டவில்லை. 1912-ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். எனினும் எண்களை அவர் மறந்தாரல்லர். 1914-ஆம் ஆண்டில் பேராசிரியர் ஹார்டியின் அழைப்பை ஏற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார்.

அங்கு அவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று உயர்பகு எண்கள் என்பது. அஃது யாதெனக் காண்போம். 12 என்னும் எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். 12-க்குக் குறைந்த எவ்வெண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. இவ்வாறு தனக்கு முற்பட்ட எல்லா எண்களையும்விட மிகுதியான வகுத்திகளை உடையதே உயர்பகு எண்ணாகும்.

இத்தகைய எண்களை இராமானுஜன் கணிப்பொறியின் துணையின்றிப் பட்டியலிட்டார். அப்பட்டியலின் இறுதியில் நிற்பது 67,46,32,83,88,800 என்னும் எண். அதற்கு 10,080 வகுத்திகள் உள்ளன. அதனைப் பகா எண்களாகப் பிரித்தால், 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இவ்விரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் வரும். பகா எண் பெரிதாகப் பெரிதாக அது வரும் முறை குறையும், அன்றேல் சமமாக நிற்கும்; ஒருபோதும் ஏறாது. உயர்பகு எண்கள் அனைத்துக்கும் இவ்விதி பொருந்தும்.

இவ்வாராய்ச்சி 1915-ஆம் ஆண்டில் இலண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. சங்கத்தின் பண நெருக்கடியால் ஒரு பகுதி அச்சேறாது நின்றது. அப்பகுதி 1997-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தாய்நாட்டில் பட்டம் பெறாத அவருக்கு, இவ்வாராய்ச்சிக்காக 1916-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கியது.

அம்மேதையின் பட்டியலிலும் ஓர் எண் விடுபட்டிருந்தது. 2,93,31,86,25,600 என்பதே அவ்வெண். அதற்கு வகுத்திகள் 5,040. அதனை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் இறுதி எண் கிடைக்கும். 23 புதிய பகா எண்ணாதலின், பழைய வகுத்தி ஒவ்வொன்றும் தானாகவும் 23 மடங்காகவும் நின்று, தொகை இரட்டிக்கிறது. பின்வந்தோர் பட்டியலைச் சரிபார்த்து, விடுபட்ட எண்ணை உரிய இடத்தில் சேர்த்தனர். இதனால் அவருடைய புகழ் குன்றவில்லை. எத்துணைப் பெரியோர் கூறினும் ஆராய்ந்தே கொள்ளுதல் கணிதத்தின் அறம் என்பதே விளங்கிற்று.

1918-ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது. நோயுற்றுத் தாயகம் திரும்பிய இராமானுஜன் இறுதி நாள்களிலும் கணக்கிடுதலைக் கைவிடவில்லை. 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில், சென்னையில் மறைந்தார். வறுமையும் தோல்வியும் நோயும் அவருடைய எண்ணாற்றலைத் தடுக்க இயலவில்லை. அவர் கண்ட எண்களை இன்றும் மாணவர் எவரும் எழுதுகோல் கொண்டு வகுத்துப் பார்க்கலாம்; அவற்றின் உண்மையைத் தாமே அறிந்து மகிழலாம்.