பதினான்கு ஆண்டுகளும் ஒரு கொப்பியும்

திருகோணமலை வித்தியாலயம் வீதியால் நான் ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் சைக்கிளில் போய்வருகிறேன். காலையில் துறைமுகப் பக்கத்துக் கடை ஒன்றுக்குக் கணக்கெழுதப் போகும்போது ஒரு தரம், பொழுதுபட வீடு திரும்பும்போது ஒரு தரம். அந்த வீதியில்தான் இராமகிருஷ்ண மிஷன் ஸ்ரீ கோணேஸ்வர இந்துக் கல்லூரி இருக்கிறது. 1925 இல் மிஷன் அந்தப் பாடசாலையைப் பொறுப்பேற்றபோது அதை நடத்த வந்து, அதிபராகவும் இருந்தவர் சுவாமி விபுலாநந்தர்.

சின்ன வயதில் அவரைப் பற்றிய பேச்சை மனப்பாடம் செய்து மேடையில் ஒப்புவித்தவர்களில் நானும் ஒருத்தி. பிறந்த ஆண்டு, துறவு பூண்ட ஆண்டு, யாழ்நூல் வெளிவந்த ஆண்டு எல்லாம் இன்றைக்கும் வாயில் வரும். அந்த ஆண்டுகளுக்கு இடையில் அவர் எப்படி வேலை செய்தார் என்று யோசிக்க எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது.

அதற்குக் காரணம் ஒரு கொப்பி. 1990 இல் எங்கள் ஒழுங்கை வெறுமையானது. இருபத்திரண்டு வீடுகள். சிலர் கடல் கடந்து மண்டபம் முகாமுக்குப் போனார்கள். சிலர் காட்டுவழியே போனார்கள். சிலர் எங்கே போனார்கள் என்று இன்றுவரை தெரியாது. போர் முடிந்து சில வருடங்களின் பின், அந்த ஒழுங்கையில் யார் யார் இருந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள், அவர்களுக்கு என்ன நடந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று தடித்த கொப்பி ஒன்று வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து பதினொரு பக்கம் எழுதினேன். அதன் பிறகு நெஞ்சு பாரமாகிவிட்டது. கொப்பியை மூடி அலுமாரியில் வைத்தேன். ஆறு வருடம் அது அங்கேயே கிடந்தது. அதற்குள், எனக்கு விபரம் சொல்லக்கூடிய மூன்று ஆச்சிமார் கண்மூடிவிட்டார்கள்.

மூன்றாவது ஆச்சியின் செத்தவீட்டுக்குப் போய்வந்த வாரத்தில்தான் சுவாமியின் வாழ்க்கையை மறுபடியும் வாசித்தேன். இந்த முறை ஆண்டுகளை மனப்பாடம் செய்யவில்லை, கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.

1892 மார்ச் 27 இல் காரைதீவில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் மயில்வாகனம். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையில் தேறினார். அதே ஆண்டில் கொழும்பில் விஞ்ஞானத்தில் டிப்ளோமாவும் பெற்றார். அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். அந்த வேலையில் இருந்துகொண்டே 1920 இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். பகலில் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு, மிச்ச நேரத்தில் தானும் படித்தவர் என்பது இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே விளங்கும்.

1922 இல் சென்னை மயிலாப்பூர் மடத்தில் சேர்ந்தார். 1924 இல் துறவு. 1925 இல் நாடு திரும்பி எங்கள் ஊருக்கு வந்தார். பாடசாலை நிர்வாகம், ஆசிரியர்களைத் தேடுவது, பணம் சேர்ப்பது என்று தலைக்கு மேல் வேலை இருந்த அந்தக் காலத்தில்தான், 1926 இல், சேக்சுபியரின் பன்னிரண்டு நாடகங்களை ஆராய்ந்து அவர் எழுதிய மதங்க சூளாமணி நூலாக வந்தது. பிறகு மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கினார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர். 1939 இல் இமயமலை மாயாவதியில் பிரபுத்த பாரத இதழின் ஆசிரியர். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர்.

யாழ்நூலுக்கு அவர் செலவிட்டது பதினான்கு ஆண்டுகள் என்பார்கள். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் அவர் ஒரே இடத்தில் இருக்கவே இல்லை. ஊர் மாறியது, பொறுப்பு மாறியது, உடல்நலமும் குன்றியது. யாழ் ஆராய்ச்சி மட்டும் கூடவே போனது.

அது எப்படிக் கூடப் போயிற்று என்பதுதான் எனக்குப் பிடிபட்ட விஷயம். யாழ் என்ற கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள். பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. மறைந்த இசையை மீட்பது என்று மட்டும் எண்ணியிருந்தால் யாருக்கும் மலைப்புத்தான் வரும். அவர் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் உள்ள சில அடிகளையும் அவற்றின் உரையையும் கையில் எடுத்தார். இந்த நரம்புக்கு என்ன சுருதி, அதற்கடுத்ததற்கு என்ன அளவு என்று கணிதம் படித்தவராகக் கணக்குப் போட்டார். பெரிய கேள்வியை, விடை காணக்கூடிய சின்னக் கேள்விகளாக உடைத்தார். சின்னக் கேள்வியை இமயமலைக்கும் கொண்டுபோகலாம், கொழும்புக்கும் கொண்டுபோகலாம். விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. அவர் பணிக்காக ஊர் மாறியவர், நாங்கள் உயிருக்குப் பயந்து ஓடியவர்கள். அவருக்குப் பின்னால் மிஷன் இருந்தது. நூலை அச்சேற்றப் புதுக்கோட்டைப் பக்கத்துச் சிதம்பரம் செட்டியார் துணை நின்றார். இடம்பெயர்ந்தவர்களைப் பார்த்து, முயற்சி போதவில்லை என்று சொல்ல அவருடைய வாழ்க்கையை யாரும் தடியாகத் தூக்கக்கூடாது. நான் அவரிடம் எடுத்துக்கொண்டது, வேலையைக் கையில் அடங்கும் அளவுக்கு வெட்டிக்கொள்ளும் பழக்கத்தை மட்டும்தான்.

கொப்பியைத் திரும்ப எடுத்தேன். ஒழுங்கையின் கதையை எழுதுவது என்ற எண்ணத்தை விட்டேன். ஒரு வீடு, ஒரு கேள்வி, அரைப் பக்கம். முதல் இரவு எழுதியது, முதலாவது வீட்டு முற்றத்தில் நின்ற மரம் என்ன மரம் என்பது. இரவுச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவிவைத்த கையோடு, அதே மேசையில் இருந்து எழுதுவேன். முடிக்கும்போது பக்கத்தின் அடியில் நாளைக்கான கேள்வியைக் குறித்துவைப்பேன். அடுத்த நாள் எங்கே தொடங்குவது என்று திகைக்க வேண்டியதில்லை. விடை தெரியாவிட்டால் ஒருவரிடம் கேட்பேன். கனடாவுக்கும் மண்டபத்துக்கும் தொலைபேசி எடுத்திருக்கிறேன். அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்பேன், அவர்களுக்கும் அது பாரமாக இருக்காது. பல வேளைகளில் அவர்களாகவே மிச்சத்தையும் சொல்லுவார்கள்.

எழுத முடியாத இரவுகள் உண்டு. அப்போது அந்த வீட்டுக்காரரின் பெயரை மட்டும் எழுதி மூடிவிடுவேன். அதுவும் எழுதிய நாள்தான். காய்ச்சல் வந்து கிடந்த நாட்களைக் கணக்கில் எடுப்பதில்லை, எழும்பியதும் அடிக்குறிப்பில் இருந்து தொடருவேன்.

யாழ்நூல் 1947 ஜூன் 5, 6 ஆம் தேதிகளில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியில், திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அவர் கணக்கிட்டுச் செய்வித்த கருவிகளை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். உடல் தளர்ந்திருந்த நிலையிலும் அவர் அங்கே இருந்தார். ஒன்றரை மாதத்தில், ஜூலை 19 இல், கொழும்பில் காலமானார். ஒரு நாளுக்குரிய வேலையை அவர் பிந்திப்போட்டுக்கொண்டே வந்திருந்தால் அந்த நூல் நமக்குக் கிடைத்திருக்காது. என்னுடைய மூன்று ஆச்சிமாரையும் நான் அப்படித்தான் இழந்தேன்.

இப்போது ஆறாவது கொப்பி. பதின்மூன்று வீடுகள் முடிந்திருக்கின்றன. எங்கள் வீட்டை நான் இன்னும் தொடவில்லை. அண்ணாவின் பெயரை மட்டும் நாலைந்து இரவுகள் எழுதி மூடியிருக்கிறேன். நேற்றிரவு முதல்முறையாக, அவனுடைய பெயருக்குக் கீழே ஒரு கேள்வியும் குறித்துவைத்திருக்கிறேன்: அவனுடைய சைக்கிள் என்ன நிறம்? இன்றைக்கு அம்மாவிடம் கேட்க வேண்டும்.