பாரிஸ்டர் ஆகாத வ.வே.சு. ஐயர்

அரியர் ஒன்றுகூட இல்லாமல் எல்லா பேப்பரையும் பாஸ் பண்ணிவிட்டு, சர்ட்டிபிகேட் மட்டும் வேண்டாம் என்று திரும்பிப் போன ஆளை நம்மில் யாராவது பார்த்திருக்கிறோமா? லண்டனில் அப்படி ஒருவர் இருந்தார். வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர், சுருக்கமாக வ.வே.சு. ஐயர். பள்ளிப் பாடத்தில் 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவர் என்று ஒரு மார்க் கேள்வியோடு நாம் விட்டுவிட்ட மனிதர்!

1881ல் திருச்சி வரகனேரியில் பிறந்தார். செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.ஏ. முடித்து, பிளீடர் பரீட்சையும் தேறி, திருச்சி கோர்ட்டில் தொழில் பார்த்தார். அந்தக் காலத்தில் சட்டத் தொழிலுக்குப் படிக்கட்டு உண்டு. பிளீடர் கீழ்க்கோர்ட்டுகளோடு சரி. மதராஸில் பி.எல். முடித்தவர் வக்கீல். 1900ல் நம்ம சேலம் கோர்ட்டுக்கு வந்து பெயர் வாங்கிய ராஜாஜி அந்த வழியில் வந்தவர்தான். இவர்களுக்கெல்லாம் மேல்படியில் இருந்தவர் சீமை பாரிஸ்டர். இந்தியச் சட்டத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் வந்தாலும், அவர் கையிலிருந்த லண்டன் சீட்டைக் காட்டினால் ஹைகோர்ட் கதவு திறக்கும். அநியாயம்தான், ஆனால் அதுதான் விதி!

ஐயர் ரங்கூனுக்குப் போய் ஒரு வெள்ளைக்கார பாரிஸ்டரிடம் ஜூனியராக இருந்தார். பிறகு 1907ல் லண்டன் சென்று லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்தார். பாரிஸ்டர் பட்டம் தரும் அதிகாரம் பல்கலைக்கழகத்துக்குக் கிடையாது. இன் எனப்படும் நான்கு பழைய சங்கங்களுக்குத்தான் உண்டு. அவர்கள் வைத்த நிபந்தனை நமக்குச் சிரிப்பாக இருக்கும். ரோமன் சட்டம், இங்கிலாந்துப் பொதுச்சட்டம் என்று பரீட்சை எழுத வேண்டும். அதோடு சங்கத்தின் ஹாலில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். 1888ல் இன்னர் டெம்பிளில் சேர்ந்த காந்தியடிகள் காலத்தில் தவணைக்குக் குறைந்தது ஆறு விருந்து, மொத்தம் 12 தவணை. ஆக 72 சாப்பாடு! நமக்கு அட்டெண்டென்ஸ் மாதிரி அவர்களுக்குப் பந்தி. சாப்பாடு குறைந்தால் பட்டம் இல்லை.

ஐயர் தங்கியதோ இந்தியா ஹவுஸில். சாவர்க்கரோடு பழக்கம், புரட்சிக்காரர் கூட்டம், பின்னாலேயே போலீஸ் ஒற்றர்கள். சாவர்க்கரும் பரீட்சை தேறியவர்தான். ஆனால் அவருடைய அரசியலைக் காட்டி 1909ல் கிரேஸ் இன் அவருக்குப் பட்டம் தர மறுத்துவிட்டது. ஐயர் விஷயம் தலைகீழ். லிங்கன்ஸ் இன் தேர்வுகளை முடித்தார், ஒரே ஒரு படி பாக்கி. பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று பிரமாணம் எடுக்க வேண்டும். அதை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. கப்பல் செலவு, மூன்று வருஷம், ஊரில் காத்திருந்த குடும்பம் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. வாயால் சொல்லிவிட்டு மனசில் வேறு நினைத்துக்கொள்ளலாமே என்று நம்மாட்கள் கேட்பார்கள். அவருக்கு அது வரவில்லை.

காந்தியடிகள் பெயரை 1922ல் இன்னர் டெம்பிள் பட்டியலிலிருந்து அடித்து, 1988ல்தான் திரும்பச் சேர்த்தார்கள். ஐயர் பெயர் பட்டியலில் ஏறவே இல்லை, அடிக்க என்ன இருக்கிறது?

(இன்றைக்கு நிலைமை வேறு. 1961ம் வருஷத்து வழக்கறிஞர் சட்டம் வந்தபின், 1976 டிசம்பர் 31க்குள் பட்டம் வாங்கிய பாரிஸ்டர்களுக்கே பழைய சலுகை. இப்போது வெளிநாட்டில் சட்டம் படித்து வரும் இந்தியர், பார் கவுன்சில் அங்கீகரித்த பட்டம் வைத்திருப்பதோடு அது நடத்தும் தகுதித் தேர்விலும் தேறினால்தான் கறுப்பு கோட்டு!)

1910ல் ஐயரைப் பிடிக்க வாரண்ட் வந்தது. தாடி வளர்த்து, தலைப்பாகை கட்டி, சீக்கியராகத் தப்பினார். பெட்டியில் வி.வி.எஸ். என்ற எழுத்துக்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டவனிடம், தன் பெயர் வீர விக்ரம் சிங் என்று சமாளித்தார் என்பார்கள். அப்படியே பிரெஞ்சு மண்ணான புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பாரதி, அரவிந்தர் பக்கத்தில் பத்து வருஷம். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தது அங்கேதான். ஊர் திரும்பி 'தேசபக்தன்' ஆசிரியரானார், ராஜத்துரோக வழக்கில் பெல்லாரி ஜெயிலுக்குப் போனார். உள்ளேயே கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு ஆராய்ச்சி நூல் எழுதினார்.

1922ல் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் தொடங்கினார். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி ஐயாயிரம் கொடுத்திருந்தது. அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனிப்பந்தி நடப்பது வெளியே வந்தது. பெற்றோரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது ஐயர் கட்சி. அவர் எல்லோரோடும் சாப்பிடுகிறவர்தான். ஆனாலும் பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் சாதிக்கொரு இலையா? எதிர்த்து நின்றவர்களில் முன்னால் நின்றவர்கள் ஈரோட்டுப் பெரியாரும், நம்ம ராசிபுரத்தில் பிறந்த டாக்டர் வரதராஜுலு நாயுடுவும். தமிழ்நாடே இரண்டுபட்டது. அவர்கள் கேட்டது நியாயம் என்பதே என் கட்சி. லண்டனில் பந்தியில் உட்கார்ந்து படித்தவர், சேரன்மாதேவியில் பந்தியில் வழுக்கிவிட்டார். மன்னருக்கு ஒரு வார்த்தை கொடுக்க மறுத்தவர், இரண்டு பெற்றோருக்குக் கொடுத்த வார்த்தையை விடமுடியாமல் சிக்கிக்கொண்டார்.

1925ல் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஜூன் மாதம் மாணவர்களோடு பாபநாசம் அருவிக்குப் போயிருந்தார். மகள் சுபத்ரா தண்ணீரில் இழுத்துச் செல்லப்பட்டாள். காப்பாற்றப் பாய்ந்தவர் திரும்பவில்லை. வயது 44.