உபதலை தந்த ஆரி கவுடர்

குன்னூருக்கு அண்மையிலுள்ள உபதலையைப் படகர் தம் மொழியில் ஹுப்பத்தலை என்பர். தமிழில் எழுதப்பட்டபோது அவ்வூர்ப்பெயர் தன் முதலொலியை இழந்தது. ஆயினும் அவ்வூரில் பிறந்த ஒருவரின் பெயருக்கு முன்னிற்கும் ‘எச்’ என்னும் எழுத்தில் அவ்வொலி இன்றும் தங்கியிருக்கிறது. அவர் எச்.பி. ஆரி கவுடர். படகரினத்தின் முதற் பட்டதாரி. அவ்வினத்திலிருந்து சென்னைச் சட்டமன்றத்துள் முதன்முதல் அடியெடுத்து வைத்தவர்.

பெயரின் இரண்டாம் எழுத்து தந்தையாருடையது. இராவ் பகதூர் பெள்ளி கவுடர் மலை இரயில்பாதைப் பணியில் ஒப்பந்தக்காரராக விளங்கியவர். தம் ஊரில் பள்ளி தோன்றவும் காரணமானவர். 1893 டிசம்பர் 4-ஆம் நாள் பிறந்த மைந்தர், 1899-இல் அப்பாதை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூரை எட்டியபோது ஐந்து வயதுச் சிறுவர். 1908-இல் அது உதகைக்கு நீண்டபோது பதினைந்தை நெருங்கிய இளைஞர். அப்பாதை மேலே கொண்டுவந்ததும் கீழே கொண்டுசென்றதும் பின்னாளில் அவர்தம் வாழ்வின் வினாவாயின.

1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின் வழி விரிவடைந்த சென்னைச் சட்டமன்றத்திற்கு 1920 நவம்பரில் முதல் தேர்தல் நடந்தது. சொத்தும் வரியும் உடையோர்க்கே வாக்கு. நூற்றுக்குச் சிலரே வாக்காளர். கோடைதோறும் ஆளுநரும் தலைமைச் செயலகமும் உதகைக்கு ஏறிவந்த காலம் அது. ஆட்சி மலைக்கு வந்தது. மலைமக்களின் குறை ஆட்சியின் செவிக்குச் சென்றதா எனின், அதற்கு ஒருவர் கீழே இறங்கிச் செல்ல வேண்டியிருந்தது. 1920களில் அங்ஙனம் சென்றவர் ஆரி கவுடர். படக மொழிக்குத் தனக்கென எழுத்தில்லை. அதன் கதைப்பாடல்களும் பழமொழிகளும் வாய்மொழியாகவே வழிவழி வந்தவை. மன்றத்தில் பெரிதும் வழங்கியதோ ஆங்கிலம். வீட்டில் பேசியதொன்று, மன்றத்தில் பேசியது வேறொன்று என்னும் நிலையில், ஒரு சிறுபான்மை மக்களின் துயரை மொழிமாற்றி உரைப்பது எத்துணை அரிய பணி என்பதைக் கவிஞர்கள் அறிவர்.

பல ஆண்டுகள் சட்டமன்றப் பணியிலிருந்தார். ஊர்தோறும் குடிகளைச் சிதைத்த மதுவுக்கு எதிராக நின்று, நீலகிரியில் மதுவிலக்கு வருவதற்கு உழைத்தார். ஆங்கில அரசின் இராவ் பகதூர் பட்டம் தந்தையைப் போலவே அவருக்கும் கிடைத்தது. பட்டத்தை வைத்து ஒருவரை அளப்பது எளிது. மேட்டுப்பாளையத்துத் தராசை வைத்து அளப்பதே முறை என்று தோன்றுகிறது.

அத்தராசின் கதை இது. சல்லிவன் காலத்தில் நீலகிரிக்கு வந்த உருளைக்கிழங்கு, சாமையும் கொறளியும் விளைந்த நிலங்களில் மெல்ல மெல்லப் பரவிப் படகரின் பணப்பயிராயிற்று. விளைவது மலையில், விலை வைப்பது அடிவாரத்து மேட்டுப்பாளைய மண்டியில். விதைக்கும் உரத்திற்கும் மண்டிக்காரரிடம் முன்பணம் பெற்ற உழவர், அறுவடையை அவரிடமே இறக்கியாக வேண்டும். எடையில் கழிவு, தரகில் கழிவு, வட்டியில் கழிவு. எஞ்சியது மறுபடியும் கடன். மூட்டைக்கு உடையவர் தாமே எனினும், விலைக்கு உடையவர் தாமல்லர். மன்றத்தில் எவ்வளவு பேசினும் இம்முடிச்சு அவிழாது என்பதை ஆரி கவுடர் உணர்ந்தார் எனலாம்.

1932-இல் சென்னை மாகாணக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது. மூன்றே ஆண்டுகளில், 1935-இல், நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் உதகையையும் மேட்டுப்பாளையத்தையும் நிலைக்களனாகக் கொண்டு எழுந்தது. என்.சி.எம்.எஸ். என்றே மலையில் அதற்குப் பெயர். இச்சங்கத்தின் நுட்பம் அதன் இடத்தேர்வில் உள்ளது. உதகையில் மட்டும் அமைந்திருந்தால் அது இன்னொரு அலுவலகமாக முடிந்திருக்கும். மண்டியின் நடுவிலேயே உழவர் தமக்கெனக் களம் கொண்டனர். அங்கு மூட்டைகள் பலர் அறிய ஏலத்திற்கு வந்தன; தம் கிழங்கு என்ன விலைக்குப் போயிற்று என்பதைச் சிறு உழவரும் அறிய முடிந்தது. விலையை மறைவில் முடிவு செய்த வழக்கத்திற்கு நேர் எதிரான ஏற்பாடு இது.

இடையில் 1933-இல் ஹங்கேரி நாட்டுக் கொடோல்லோவில் நடந்த உலகச் சாரணர் பெருவிழாவிற்கு இந்தியக் குழுவை அழைத்துச் சென்றார். பேடன் பவல் பங்கேற்ற பெருவிழா அது. தம் மலையை நாக்குபெட்டா, அதாவது நான்கு மலை, என்றழைக்கும் மக்களில் ஒருவர் நாற்பது வயது நிறையுமுன் ஐரோப்பாவில் இந்தியாவின் கொடிக்கீழ் நின்றது சிறுசெய்தியன்று.

1961-இல் உதகையில் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு கண்டறியப்பட்டது. எந்தப் பயிரை நம்பிச் சங்கம் பிறந்ததோ அதற்கே நலிவு நேர்ந்தது. சிறு உழவர் பலர் தேயிலைக்கு மாறினர். அதே பத்தாண்டில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளும் எழத் தொடங்கின. கிழங்கை மூட்டையில் கட்டிச் சில நாள் வைக்கலாம். பறித்த பச்சைத் தேயிலையோ அன்றே ஆலை சேர வேண்டும். விலை படியவில்லையெனத் திருப்பிக் கொண்டுவர இயலாது. பழைய முடிச்சு புதிய கயிற்றில் மீண்டும் விழுந்தது.

1971 ஜூன் 28-ஆம் நாள் ஆரி கவுடர் மறைந்தார். பச்சைத் தேயிலைக்கு உரிய விலை வேண்டிக் குரலெழுப்பும் மலை உழவர் சங்கம் ஒன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது.