ஸ்கூல் வாத்தியார் டூ ஆசிய சாம்பியன் கோச்: இந்திய கால்பந்தின் பொற்காலத்தை உருவாக்கிய ரஹீம் யார்?

2024-ல் அஜய் தேவ்கன் நடித்து, ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் வெளியான ‘மைதான்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு சையது அப்துல் ரஹீம் என்ற பெயர் ஞாபகம் இருக்கும். படம் வருவதற்கு முன்பு, கால்பந்து ரசிகர்களைத் தாண்டி அவரைத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. இத்தனைக்கும் ஆசிய விளையாட்டுப் போட்டி கால்பந்தில் இந்தியா வாங்கிய தங்கம் இரண்டே இரண்டுதான். 1951, 1962. இரண்டு முறையும் கோச் ரஹீம்தான்.

பிளேயராக அவர் பெரிய ஸ்டார் கிடையாது. பிறகு எப்படி நாட்டின் மிகச்சிறந்த கோச் ஆனார்? அவர் போன பிறகு என்ன ஆச்சு?

யார் இந்த ரஹீம்?

1909-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, பல்கலைக்கழக அணிக்கும் உள்ளூர் கிளப்புகளுக்கும் ஆடினார். தொழில் என்று பார்த்தால் பள்ளி ஆசிரியர். பிறகு உடற்கல்வியில் டிப்ளமோ முடித்து, விளையாட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், பி.டி. மாஸ்டர்.

1943-ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் பொறுப்புக்கு வந்தார். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியும் அவர் கைக்கு வந்தது. சாகும்வரை இரண்டையும் விடவில்லை.

சுமாரான பிளேயர் சூப்பரான கோச் ஆவது கால்பந்தில் புதுசு இல்லை. ஸ்காட்லாந்தின் ஜாக் ஸ்டீன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆல்பியன் ரோவர்ஸ் என்ற சின்ன கிளப்புக்கு ஆடியவர். பின்னாளில் அவர் மேனேஜராக இருந்த செல்டிக் அணி 1967-ல் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அந்த அணியில் ஆடிய 11 பேருமே கிளாஸ்கோவைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்தவர்கள்! உள்ளூர்ப் பசங்களை வைத்தே பெரிய அணி கட்ட முடியும் என்பதற்கு இன்றுவரை உலகம் காட்டும் உதாரணம் அது. அதே மாதிரி ஒரு வேலையை ரஹீம் அதற்குப் பல வருஷம் முன்பே ஹைதராபாத்தில் செய்துகொண்டிருந்தார்.

வாத்தியார் ஸ்டைல் பயிற்சி

அப்போது இந்தியாவில் தனியாகப் பந்தைக் கடத்திக்கொண்டு போகும் டிரிபிளிங்குக்குத்தான் கைதட்டல். ரஹீமுக்கு வேண்டியது பாஸ். அதைச் சொல்லிக்கொடுக்க அவர் பிடித்த வழி பக்கா வாத்தியார் வழி. டிரிபிளிங்கே செய்யக்கூடாது என்ற விதியோடு போட்டிகள் நடத்தினார். வலது கால்காரர் இடது காலால் மட்டும்தான் உதைக்கணும் என்று இன்னொரு போட்டி. எது வரவில்லையோ அதையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். பாடம் தானாக மண்டையில் ஏறியது.

ரிசல்ட்? 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பை சிட்டி போலீஸுக்கு. 1950-ல் கொல்கத்தாவின் மோகன் பகானைத் தோற்கடித்து டூரண்ட் கோப்பை.

டூரண்ட் ஏன் ஸ்பெஷல்? நம்ம கொடைக்கானல் மாதிரி, வெயிலுக்குப் பயந்து வெள்ளைக்காரர்கள் ஒதுங்கிய மலை நகரம் சிம்லா. 1888-ல் இந்தப் போட்டி அங்கேதான் ஆரம்பித்தது. முதல் ஃபைனலில் மோதியது இரண்டு ஸ்காட்லாந்து ராணுவ ரெஜிமென்ட்டுகள். அப்படித் தொடங்கிய கோப்பையைத்தான், ஒரு வாத்தியார் பழக்கிய போலீஸ்காரர்கள் ஹைதராபாத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

தங்கமும் 10-1 அடியும்

1951-ல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஃபைனலில் மேவாலால் அடித்த ஒரே கோலில் ஈரானை வீழ்த்தி இந்தியா தங்கம் வென்றது.

அடுத்த வருஷமே பெரிய அடி. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோல்வி. இந்திய வீரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது.

அந்த நேரத்தில் ஐரோப்பாவில் ஆட்டமே மாறிக்கொண்டிருந்தது. 1953-ல் வெம்ப்ளியில் இங்கிலாந்தை ஹங்கேரி 6-3 என்று வென்றது. தங்கள் சென்டர் ஃபார்வர்டைக் கொஞ்சம் பின்னால் இறக்கி ஆட வைத்து, எதிரணி டிஃபென்ஸைக் குழப்பியதுதான் அவர்களின் உத்தி. இந்த மாற்றத்தை ரஹீம் கவனித்து உள்வாங்கினார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆடியது கிட்டத்தட்ட 4-2-4. இரண்டு வருஷம் கழித்து உலகக் கோப்பையில் பிரேசில் பிரபலமாக்கிய அதே அமைப்பு.

மெல்போர்னில் நெவில் டிசோசா ஹாட்ரிக் அடிக்க, ஆஸ்திரேலியாவை அவங்க மண்ணிலேயே 4-2 என்று வென்றது இந்தியா. ஒலிம்பிக் கால்பந்து அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு ஆனது. அரையிறுதியில் மறுபடியும் யூகோஸ்லாவியா. இந்த முறையும் தோல்விதான், ஆனா முதல் கோல் இந்தியாவுடையது. ஸ்கோர் 4-1. நான்கு வருஷத்தில் 10-1-ல் இருந்து இங்கே வந்திருந்தார்கள்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸுடன் 1-1 டிரா. அந்த அணியில் ரஹீமின் மகன் ஹக்கீமும் இருந்தார். அப்பா கோச், ஆனா மகனுக்கு ஒரு மேட்ச்சில்கூட களமிறங்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை.

ஜகார்த்தாவில் என்ன நடந்தது?

1962 ஆசிய விளையாட்டுப் போட்டி. தைவான், இஸ்ரேல் வீரர்களுக்கு விசா தராத இந்தோனேசியாவை, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் இருந்த இந்தியரான ஜி.டி.சோந்தி வெளிப்படையாக எதிர்த்தார். அந்தக் கோபம் முழுக்க இந்திய அணி மீது திரும்பியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. மைதானம் முழுக்க எதிர்ப்புக் கூச்சல்.

முதல் மேட்ச்சே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. தாய்லாந்துடன் ஆடும்போது டிஃபென்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ஃபைனலில் மறுபடியும் அதே தென் கொரியா.

இங்கேதான் ரஹீம் இரண்டு ரிஸ்க் எடுத்தார்.

ஒன்று, தலையில் கட்டோடு இருந்த ஜர்னைல் சிங்கை டிஃபென்ஸில் இருந்து எடுத்து ஃபார்வர்டாக இறக்கினார். அரையிறுதியில் செய்த இந்த மாற்றத்தை ஃபைனலிலும் தொடர்ந்தார்.

இரண்டு, அரையிறுதியில் கோல் காத்த பிரத்யுத் பர்மனுக்குப் பதில் 6 அடிக்கு மேல் உயரமான பீட்டர் தங்கராஜ். செகந்திராபாத்தில் ஆட ஆரம்பித்து, நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் உருவானவர். முதலில் ஃபார்வர்டாக ஆடி, பிறகு கோல்கீப்பர் ஆனவர்.

செப்டம்பர் 4. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் முன்னால் ஃபைனல். 17-வது நிமிடத்தில் பி.கே.பானர்ஜி ஒரு கோல். அடுத்த சில நிமிடங்களில் ஜர்னைல் சிங் இன்னொன்று. கடைசி நேரத்தில் கொரியா ஒன்று திருப்பியது. அதற்கு மேல் தங்கராஜைத் தாண்ட முடியவில்லை. 2-1. தங்கம்.

அதுக்கு அப்புறம்?

வெற்றிக்குப் பிறகு ரஹீமுக்கு ஒன்பது மாதங்கள்தான் மிச்சம் இருந்தன. 1963 ஜூன் 11-ல் புற்றுநோயால் இறந்தார். வயது 53.

அதன் பிறகு இந்தியா ஆசிய விளையாட்டுப் போட்டி கால்பந்தில் தங்கம் வாங்கவே இல்லை. 1970 பாங்காக் வெண்கலம்தான் கடைசிப் பதக்கம். ஒலிம்பிக் கால்பந்தில் கடைசியாக ஆடியது அதே 1960 ரோம். சிறந்த பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருதே 1985-ல்தான் வந்தது. ரஹீம் இறந்து 22 வருஷம் கழித்து.

ஒரு மனுஷன் போனதால் மட்டும் எல்லாம் சரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மற்ற ஆசிய நாடுகள் வேகமாக முன்னேறின. நாம் அதே இடத்தில் நின்றோம். ஆனா, வெளிநாட்டு ஆட்டத்தைக் கவனித்து, நம்ம பசங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றி, சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுக்கும் வேலை ஒரே ஆளின் தலைக்குள் இருந்தது. அதை எழுதிவைத்து, அடுத்த கோச்சுகளை உருவாக்கும் அமைப்பை யாரும் கட்டவில்லை. அவரோடு அதுவும் போனது.

இன்றும் கொடைக்கானல் மலைப் பள்ளியாக இருந்தாலும் சரி, பழனி அடிவாரத்து அரசுப் பள்ளியாக இருந்தாலும் சரி, ஒரு குழந்தையின் காலில் முதலில் பந்தைக் கொடுப்பது பெரும்பாலும் அங்கே இருக்கும் பி.டி. மாஸ்டர்தான். விளையாட்டுப் பீரியடை கணக்குக்கோ அறிவியலுக்கோ கடன் வாங்கும்போது, இந்தியாவுக்கு இரண்டு ஆசியத் தங்கம் வாங்கிக் கொடுத்தவரும் அப்படி ஒரு மாஸ்டர்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.